ஒரு கோழிக்கு ஒரு ஊசி

ஜூன் 8, ஞாயிறு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து அரிசி நொய் போலவும் விழும். முப்பத்து நான்கு வருடம் கோழிப்பண்ணையில் வேலை செய்த கை இது. படபடக்கும் கோழியை ஓர் இறகு உதிராமல் பிடிக்கத் தெரியும். பேனாவைப் பிடித்தால் மட்டும் வேர்த்துவிடுகிறது.

ஆனாலும் எழுதுகிறேன். அறுபத்தொன்பது வயதில் எழுதுகிறேன்! காரவள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் சுகந்தி டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "அன்னன்னிக்குப் பாத்தத எழுதுங்கய்யா. வாரம் ஒருக்கா எங்கிட்டக் காட்டுங்க" என்றார்.

என் பெயர் அர்த்தநாரி. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு நூல் மில்லின் சைக்கிள் அணி தங்கியிருக்கும் வீட்டில் சமையல் செய்கிறேன். சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். ஆறு பேர். தினமும் எழுபது வளைவையும் ஏறி இறங்குவார்கள். அணித்தலைவன் பொன்னரசு என் தங்கை மகன். என் மனைவி போன பிறகு நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "வாங்க மாமா, எங்களுக்குக் களி கிண்டிப் போடுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் அவன்தான்.

அடுத்த மாதம் நான்கு நாள் போட்டி. சைக்கிள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. அணியில் ஒருவனைத்தான் ஜெயிக்க வைப்பார்கள். மற்ற ஐந்து பேரும் அவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, கடைசி ஏற்றம்வரை அவனைக் களைக்காமல் கூட்டிப்போக வேண்டும். அந்த ஒருவன் யார் என்று இந்த மாதம் முடிவாகும். ஐந்து வருடமாகப் பொன்னரசுதான். இந்த வருடம் தூத்துக்குடியிலிருந்து ஜெபஸ்டின் என்று ஒருவன் வந்திருக்கிறான். வயது இருபத்துமூன்று.

ஒரு பக்கம் முடிந்துவிட்டது. நம்ப முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று மலையேற்ற நேரம் எடுத்தார்கள். கோச் மயில்வாகனன் சார் மலைமேல் சோளக்காடு ஊரில் கடிகாரத்தோடு நின்றார். ஜெபஸ்டின் ஒரு மணி பதினான்கு நிமிடம். ஜனவரியில் அவனுக்கு ஒரு மணி இருபத்தொன்று ஆனது. பொன்னரசும் ஒரு மணி பதினான்குதான், சில விநாடி கூட. பொன்னரசு மார்ச்சில் முழங்கால் வலியோடு படுத்துக் கிடந்தவன். கேப்பங்களியும் முட்டையும் வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை.

ஜெபஸ்டின் விஷயம் வேறு. களியில் பாதியைத்தான் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மீதியைத் தட்டோடு அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறான். இந்த வீட்டில் வேறு யாரும் பெட்டியைப் பூட்டுவதில்லை. ஆறு மாதத்தில் ஏழு நிமிடம் குறைகிறவன் அறைக்குள் என்ன சாப்பிடுகிறான்?

சாயங்காலம் பொன்னரசு ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்து ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தான். "கோழித் தடுப்பூசிங் மாமா. மச்சான் பண்ணையில ஃபிரிட்ஜு கெட்டுப்போச்சு. ரெண்டு நாளைக்கு இருக்கட்டும். தொறந்துராதீங்க, சூடேறிரும்."

தடுப்பூசியைப் பற்றி எனக்கே சொல்லிக்கொடுக்கிறான்! சிரித்தேன்.

ஜூன் 11, புதன்

கேப்பை அரைத்து வந்தது. தெர்மாகோல் பெட்டி அப்படியே இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வகுப்பில் டீச்சர் என் நோட்டைச் சத்தமாகப் படித்தார். முட்டை வியாபாரி மனைவி பாப்பாத்தி, "அடடா, சமையக்காரர் கதையெல்லாம் எழுதறாரே" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷம்தான்.

பெட்டி இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இரண்டு நாள் என்றான், ஐந்து நாள் ஆயிற்று. குஞ்சுக்குத் தடுப்பூசி நாள் பார்த்துப் போடுவது. ஏழாம் நாள் என்றால் ஏழாம் நாள். ஊசி காத்திருந்தாலும் குஞ்சு காத்திருக்காது. பொன்னரசின் மச்சான் பண்ணை வைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. விவரம் தெரியாமல் இருக்கலாம்.

ஜெபஸ்டின் அறைப் பக்கம் ஒரு வாசனை வருகிறது. மருந்து வாசனை மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

விடிந்தும் விடியாமலும் சோதனைக்காரர்கள் வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கழுத்தில் அட்டை. ஊக்கமருந்து போட்டிருக்கிறார்களா என்று பார்க்க எந்த நாளும் சொல்லாமல் வருவார்கள். சிறுநீரும் ரத்தமும் எடுப்பார்கள். ஆளிடம் நேரில் சொல்லிவிட்டால் அப்புறம் அவனைக் கண்ணை விட்டு விலகவிட மாட்டார்களாம்.

கேட்டைத் திறந்தது நான்தான். பொன்னரசு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். பின்கட்டு வழியாகச் சமையலறைக்கு இறங்கிவந்து, "மாமா, அரை மணி நேரம் உக்கார வைங்க. நான் இன்னும் எந்திரிக்கலைன்னு சொல்லுங்க" என்றான். அவன் கையில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலும் உப்பு டப்பாவும் இருந்தன.

நான் அவர்களிடம், "பசங்க அசந்து தூங்கறாங்க, எழுப்பறேன். முதல்ல ரெண்டு இட்லி சாப்பிடுங்க" என்றேன். அந்த அம்மா மூன்று தரம் வேண்டாம் என்றார். "சேலத்துலருந்து நாலு மணிக்குக் கெளம்பி வந்திருக்கீங்க. வெறும் வயித்தோட இந்த வீட்டுல யாரும் உக்காந்ததில்லீங்க" என்று இலை போட்டுவிட்டேன். அப்புறம் சட்னி, அப்புறம் சூடாக இன்னும் இரண்டு, அப்புறம் காபி. நாற்பது நிமிடம் ஆனது.

வந்தவர்களுக்கு இட்லி வைப்பதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் வைத்திருப்பேன்.

ஆறு பேரிடமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் குளியலறையைக் கழுவினேன். குப்பைக் கூடையில் காலியான குளுக்கோஸ் பை ஒன்று கிடந்தது. ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுவார்களே, அது. வெயில் அதிகம், யாருக்காவது தலைசுற்றி இருக்கும்.

இந்தப் பக்கத்தை டீச்சரிடம் காட்டப் போவதில்லை. மடித்து கிளிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் மில்லுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. அணியில் ஒருவன் மருந்து போடுகிறான், ஏழு நிமிடம் குறைந்தது எப்படி என்று விசாரியுங்கள் என்று எழுதியிருக்கிறதாம். ஏழு நிமிடம் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கோச் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், ரயில்வேக்கு சைக்கிள் ஓட்டியவர். "நாரி அண்ணே, நீங்க நாள் பூரா வீட்டுலயே இருக்கீங்க. எதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

"ஜெபஸ்டின் தம்பி பெட்டியைப் பூட்டி வெக்குதுங்க" என்றேன். "தட்டை ரூமுக்கு எடுத்துட்டுப் போவுதுங்க. ஒரு வாசம் வருதுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுந்து போனார்.

நான் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். ஆனால் அவர் போன பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்தபோது அடித்தட்டைப் பார்க்காமல் எடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டார். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

காலையிலிருந்து மதியம்வரை மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜ் வடிந்து தண்ணீர் தரைக்கு வந்தது. துடைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தேன். தெர்மாகோல் பெட்டி ஈரத்தில் வழுக்கியது. மூடி கழன்றுகொண்டது.

உள்ளே ஐஸ் பொட்டலம். அதன் மேல் ஆறு குழி வைத்த அட்டை. நான்கு குழியில் கண்ணாடிக் குழாய், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் அளவு. மருந்தும் ஊசியும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டு குழி காலி.

தடுப்பூசி எப்படி வரும் என்று எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. ஒரு புட்டி ஆயிரம் கோழிக்கு. கலக்கினால் இரண்டு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திறந்ததை யாரும் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்க மாட்டார்கள். கண்ணில் சொட்டு விடுவோம், தண்ணீரில் கலப்போம், ஊசி என்றால் ஒரே துப்பாக்கி ஊசியால் வரிசையாகக் குத்திக்கொண்டே போவோம். நானே ஒரு நாளில் மூவாயிரம் கோழி பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு கோழிக்கு ஒரு ஊசி என்று எந்தப் பண்ணையிலும் போடுவதில்லை.

பொன்னரசின் மச்சானிடம் இருபதாயிரம் கோழி இருக்கிறது. ஆறு ஊசி யாருக்குப் போதும்? உயர்ந்த ரகக் கோழி ஆறு தனியாக வளர்க்கிறானோ என்னவோ.

மூடியைப் போட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

சோதனையில் ஆறு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மில்லுக்கு சந்தேகம் தீரவில்லை. ஜெபஸ்டின் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

எல்லோரும் கூடத்தில் நின்றோம். ஜெபஸ்டின் சாவியைக் கொடுக்கவில்லை. "சார், வேண்டாம் சார். அசிங்கமாப் போயிரும்" என்றான்.

"அசிங்கம்னா என்னடா அசிங்கம்? திற" என்றார் கோச்.

திறந்தான். துணிக்கு அடியில் ஊறுகாய் பாட்டில் மூன்று. உள்ளே பழுப்பாகத் தூள். கோச் ஒன்றைத் திறந்து முகர்ந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் முகர்ந்தேன், நாக்கில் ஒரு துளி வைத்தேன்.

"சார்ங்க, இது கருவாடு" என்றேன்.

ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். "மாசிங்க தாத்தா. எங்கம்மை இடிச்சிக் குடுத்துவிட்டா. உங்க சமையலு நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இது இல்லாம ஒரு வாயி எறங்க மாட்டேங்கி. வந்த புதுசுல நாறுது நாறுதுன்னு எல்லாரும் சிரிச்சாவ. அதாம் உள்ள வச்சித் திங்கேன்."

ஒருவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் முகர்ந்த மருந்து வாசனை இதுதான்!

கோச் சிரிக்கவில்லை. "கருவாடு சாப்பிட்டா ஏழு நிமிஷம் குறையுமா?" என்றார். தூளைச் சோதனைக்கு அனுப்பப் போகிறார்களாம். முடிவு வர ஒரு மாதம் ஆகும். அதுவரை இவனை அணியில் சேர்க்க வேண்டாம் என்று மில் சொல்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு முடிவு சொல்வார்கள். ஒரு மாதம் என்றால் போட்டி முடிந்துவிடும். மருந்துக்காரன் என்று பெயர் வாங்கி ஊருக்குப் போகிறவனை வேறு எந்த அணியும் எடுக்காது.

பொன்னரசு அவன் தோளைத் தட்டி, "விடுறா தம்பி, அடுத்த வருசம் இருக்குது" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

மதியம் பொன்னரசு தனியாகச் சாப்பிட வந்தான். களியைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"மாப்ளே, அந்த ஊசியெல்லாம் எந்தக் கோழிக்கு?"

"மச்சான் பண்ணைக்கு மாமா. சொன்னனே."

"எத்தனாவது நாளு போடறது?"

அவன் களியைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தொறந்தீங்களா?"

"மூடி கழண்டுக்குச்சு. ஒரு கோழிக்கு ஒரு ஊசிங்கறது நான் கேள்விப்பட்டதே இல்லியே மாப்ளே."

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "எனக்கு முப்பத்திரண்டு வயசு மாமா. சைக்கிளத் தவிர ஒண்ணும் தெரியாது. இந்த ஒரு போட்டி ஜெயிச்சா மில்லுல நிரந்தர வேலை போட்டுத் தர்றாங்க. அத்தோட விட்டுருவேன். சத்தியமா விட்டுருவேன்."

"அந்தப் பையன்?"

"அவனுக்கு வயசிருக்குது."

"மொட்டைக் கடுதாசி?"

எழுந்துவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பாத்திர அலமாரிக்கு மேலே நோட்டு இருந்தது. "இதுல எழுதியிருக்கறீங்களா?" என்றான்.

"பாத்தத எழுதியிருக்கறேன்."

"கிழிச்சுருங்க மாமா." அதட்டவில்லை. சின்ன வயதில் மிட்டாய் கேட்கும் குரல். "எங்கம்மாவுக்காச்சும்."

அவன் போன பிறகு கிளிப்பைக் கழற்றினேன். பக்கத்தைப் பிடித்தேன். இட்லி என்று எழுதியிருந்த இடத்தில் என் விரல் இருந்தது. அந்த ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கிழிக்க ஒரு நொடிகூட ஆகாது.

கிழிக்கவில்லை. எதற்காகக் கிழிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. எழுதிய ஆசையாலா, அந்தப் பையனுக்காகவா?

ஜூன் 27, வெள்ளி

பதினொரு மணிக்குக் கூடத்தில் கூட்டம், கோச்சும் மில்காரர்களும் பொன்னரசும். ஜெபஸ்டின் பெட்டியைக் கட்டி வாசலிலேயே வைத்துவிட்டான். எனக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. காபி எடுத்துப்போனேன், டம்ளர்களை வைத்தேன், திரும்பாமல் நின்றேன்.

"என்னண்ணே?" என்றார் கோச்.

"கொஞ்சம் படிக்கோணுங்க" என்று இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜூன் எட்டிலிருந்து. பெட்டி வந்த நாள், இரண்டு நாள் ஐந்து நாளானது, சோதனைக்காரர்களுக்கு நான் இட்லி வைத்து உட்கார வைத்தது, குளுக்கோஸ் பை, ஜெபஸ்டினைப் பற்றி நான் சொன்னது, எல்லாம். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது. "குடுங்கண்ணே, நான் படிச்சுக்கறேன்" என்று கோச் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நான் எழுதியது, என் வாயால்தான் வர வேண்டும்.

ஜூன் இருபத்திரண்டுக்கு வந்தேன். "நான்கு குழியில் கண்ணாடிக் குழாய்" வரை வந்துவிட்டது. அதற்கு மேல் கண்ணில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்துத் தேடினேன்.

"ரெண்டு குழி காலின்னு இருக்கும் சார்" என்றான் பொன்னரசு. "நான் போட்டுக்கிட்டது. சோதனையில தெரியக் கூடாதுன்னு அன்னிக்கு உப்புத்தண்ணி குடிச்சு, குளுக்கோஸ் ஏத்தி ரத்தத்த நீர்க்க வெச்சுக்கிட்டேன். பெட்டி என்னுதுதான். கடுதாசியும் நாந்தான் எழுதச் சொன்னேன். மாமாவை விட்ருங்க. அவருக்கு நான் சொல்லித்தான்..."

கோச் என்னைப் பார்த்தார். "முன்னாடியே ஏன் சொல்லலைண்ணே?"

"எழுத்துக் கூட்டி எழுத நேரமாச்சுங்க" என்றேன்.

அது உண்மை இல்லை. அவருக்கும் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

இது புது நோட்டு. பழையதை விசாரணைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கோணல் எழுத்தைச் சென்னையில் உட்கார்ந்து படிக்கிறார்களாம்! சந்தோஷப்படக் கூடாது. கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

பொன்னரசு இப்போது சைக்கிள் ஓட்டக் கூடாது. எத்தனை வருடம் என்று பிறகு சொல்வார்கள். ஜெபஸ்டின் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டான், இந்த முறை அவனைத்தான் ஜெயிக்க வைக்கப் போகிறார்கள். அவன் போகும்போது சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வேலையை விட்டுப் போகிறேன் என்றேன். "போட்டிக்கு ரெண்டு நாள் இருக்கையில சமையலுக்கு எங்க போறது?" என்று கோச் சத்தம் போட்டார். ஆனால் அடுத்த முறை சோதனைக்காரர்கள் வந்தால் கேட்டை அவரே திறப்பாராம்.

நேற்று என் தங்கை போன் செய்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, நீ எழுதப் படிக்கத் தெரியாமயே இருந்திருக்கலாம்."

வைத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

போட்டி முடிந்தது. ஜெபஸ்டின் இரண்டாம் இடம். மலைப்பாதை நாளில் அவனே முதல். பேப்பரில் அவன் பெயரை நானே தேடிப் படித்தேன், யாரும் காட்டித் தரவில்லை.

இன்று மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். மலையேற்றத்தில் இன்னும் ஒரு நிமிடம் குறைத்திருக்கிறானாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே அவன் கண்ணைப் பார்த்தேன். பிறகு முழங்கை மடிப்பைப் பார்த்தேன். ஒரு நிமிடம் எப்படிக் குறைந்தது?

கொழுந்தியாள் வீட்டிலிருந்து நெத்திலி வாங்கி வைத்திருந்தேன். பந்தியில் எல்லோர் முன்னாலும் அவனுக்கு வறுத்து வைத்தேன். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து அவன் தட்டோடு சமையலறைக்கு வந்தான்.

"தாத்தா, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும். வந்ததுலேருந்து என் கையவே பாத்துக்கிட்டு இருக்கீயளே. என்னயும் சந்தேகப்படுதீயளா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா சாமி" என்று வந்தது. "உம்மேல தப்பில்ல. ஒருக்காப் பாத்த கண்ணு இனி சும்மா இருக்காது."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முழங்கையையும் வெளிச்சத்தில் நீட்டினான்.

"நல்லாப் பாருங்க. நான் சுத்தம்னு நானே சொன்னா ஊருல எவன் நம்புவான்? நீங்க உங்க சொந்தத் தங்கச்சி மகனையே எழுதுனவுக. நீங்க எழுதுனா நம்புவாவ."

பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வலது முழங்கையில் ஒரு பழைய சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை.